ஏரி நீர்மட்டத்துக்கு ஒரு வெப் ஏபிஐ: மாங்கோடிபி அட்லஸில் முதல் புராஜெக்ட்

தரமணியிலோ சிறுசேரியிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் சீக்கிரமே வந்து சேரும் வேலைகளில் இதுவும் ஒன்று: ஒரு சின்ன வெப் ஏபிஐ (மற்ற புரோகிராம்கள் இணையம் வழியாகத் தகவல் கேட்டு வாங்கும் வாசல்) எழுத வேண்டும், அதன் டேட்டாபேஸ் கிளவுடில் இருக்க வேண்டும். இதில் கோட் எழுதுவது பெரிய வேலையே இல்லை. நேரம் போவது இரண்டு இடங்களில். டாக்குமென்ட்டின், அதாவது டேட்டாபேஸில் சேமிக்கும் ஒவ்வொரு பதிவின், வடிவத்தை முடிவு செய்வது ஒன்று, உங்கள் லேப்டாப்பிலிருந்து டேட்டாபேஸுக்கு முதல் இணைப்பு கிடைப்பது இன்னொன்று. இந்த இரண்டிலும் நிதானமாக நின்றுவிட்டால் மற்றதை ஒரே மாலையில் முடித்துவிடலாம். ஆகவே இங்கேயும் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம்.

உதாரணத்துக்குச் சென்னையின் குடிநீர் ஏரிகளை எடுத்துக்கொள்வோம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை என ஐந்து. முழுக் கொள்ளளவு, மில்லியன் கன அடியில், முறையே 3231, 1081, 3300, 3645, 500, மொத்தம் 11,757. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டதையும் பார்த்த ஊரில் இந்த எண்கள் யாருக்கும் அந்நியம் இல்லை. தினம் மாறுகின்றன, நாளிதழில் வருகின்றன, சரிபார்ப்பதும் எளிது. பழகுவதற்கு இதைவிட நல்ல டேட்டா தேட வேண்டியதில்லை.

கருவிகள் மூன்று: ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ், அதில் வெப் ஏபிஐ எழுத உதவும் எக்ஸ்பிரஸ், மாங்கோடிபி டேட்டாபேஸைக் கிளவுடில் தரும் மாங்கோடிபி அட்லஸ். உங்கள் ஆபீஸில் டாட்நெட்டோ ஜாவாவோ இருந்தாலும் கீழே சொல்லும் வரிசை அப்படியே பொருந்தும். கட்டளைகளை வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றின் ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில் தாளும் பேனாவும்

அட்லஸ் பக்கத்தைத் திறக்காதீர்கள். ஏபிஐயிடம் யார், என்ன கேட்பார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நமக்கு நான்கு போதும். இன்று எல்லா ஏரிகளிலும் எவ்வளவு தண்ணீர்? புழலில் கடந்த ஒரு மாதம் எப்படி ஏறி இறங்கியது? போன வருடம் இதே தேதியில் எவ்வளவு இருந்தது? இன்றைய அளவை எப்படிப் பதிவது?

டேபிள் வைத்த டேட்டாபேஸில் பழகியவர்கள் தகவலை முதலில் பிரிப்பார்கள், கேள்வியை அப்புறம் யோசிப்பார்கள். டாக்குமென்ட் டேட்டாபேஸில் கேள்விதான் முதலில். எதெல்லாம் ஒன்றாகப் படிக்கப்படுமோ அதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். இதை உணராமல் தொடங்கினால் பழைய டேபிள்களையே வேறு பெயரில் கட்டிவைப்பீர்கள்.

ஒன்றாக இருக்க வேண்டும் என்றதும் ஏரிக்கு ஒரு டாக்குமென்ட் போட்டு, தினசரி அளவுகளை அதற்குள்ளேயே ஓர் அர்ரேயாக (பட்டியலாக) அடுக்கத் தோன்றும். வேண்டாம். அந்த அர்ரேக்கு முடிவே இல்லை, தினமும் வளரும். மாங்கோடிபியில் ஒரு டாக்குமென்ட்டின் உச்ச அளவு 16 எம்பி. அந்த எல்லையைத் தொடப் பல காலம் ஆகும் என்றாலும் தொல்லை அதற்கு வெகு முன்பே ஆரம்பித்துவிடும்: இன்றைய ஒரு எண்ணைக் கேட்டால் பல வருடப் பட்டியல் முழுவதும் சேர்ந்து வரும். வளர்ந்துகொண்டே போகும் எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

எனவே இரண்டு கலெக்‌ஷன்கள். டாக்குமென்ட்டுகளின் தொகுப்புக்கு அந்தப் பெயர். ஒன்று ஏரிகள்; அதில் ஐந்தே டாக்குமென்ட். இன்னொன்று அளவீடுகள்; ஓர் ஏரிக்கு, ஒரு நாளைக்கு, ஒரு டாக்குமென்ட். ஐந்து ஏரிக்கு வருடத்துக்கு 1825 டாக்குமென்ட்தான் ஆகும். அட்லஸ் இலவசமாகத் தரும் 512 எம்பியில் இது ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

அளவீட்டு டாக்குமென்ட்டில் இருக்க வேண்டியவை: ஏரியின் குறியீடு, தேதி, அடியில் நீர்மட்டம், மில்லியன் கன அடியில் இருப்பு, வினாடிக்கு இத்தனை கன அடி என்ற கணக்கில் வரத்தும் வெளியேற்றமும். இவற்றோடு அன்றைய முழுக் கொள்ளளவையும் சேருங்கள். அதுதான் ஏரிகள் கலெக்‌ஷனில் ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்கலாம். கொள்ளளவும் மாறக்கூடியது. சோழவரத்தின் கொள்ளளவு முன்பு 881 என்று இருந்தது, பிறகு 1081 ஆனது. பழைய தேதியின் இருப்பைப் புதிய கொள்ளளவால் வகுத்துச் சதவீதம் போட்டால், அன்று நிரம்பி வழிந்த ஏரிகூட 81 சதவீதம் என்று தெரியும். அன்றைய எண்ணை அன்றைய பதிவிலேயே எழுதிவைப்பது வீண் நகல் இல்லை. வரலாற்றைக் கேட்கும் ஏபிஐக்கு அது அவசியம்.

பூண்டிக்குக் கண்டலேறு கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீர் வருகிறது. அதற்கு ஒரு தனிப் புலம் (ஃபீல்டு) வேண்டும், ஆனால் செம்பரம்பாக்கத்தின் டாக்குமென்ட்டில் அது தேவையில்லை. ஒரே கலெக்‌ஷனில் சில டாக்குமென்ட்டுக்கு மட்டும் கூடுதல் புலம் இருக்கலாம் என்பது இந்த வகை டேட்டாபேஸின் பெரிய வசதி. ஆனால் பொருந்தாத இடத்தில் பூஜ்யம் போட்டுவிடாதீர்கள். பூஜ்யம் என்றால் இன்று வரவில்லை; புலமே இல்லையென்றால் இந்த ஏரிக்கு அப்படி ஒரு வரத்தே கிடையாது. வரைபடம் போடுகிறவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

தேதியிலும் பெயரிலும் ஒளிந்திருக்கும் வம்பு

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். மாங்கோடிபியின் தேதி வகை, நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் வைத்துக்கொள்ளும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 5 மணிக்குச் சென்னையில் பதிந்தால் யூடிசியில் முந்தைய நாள் இரவு 11.30. வருடம், மாதம், நாள் என்று தொடங்கும் ஐஎஸ்ஓ வடிவத்தில் நேரத்தை எடுத்து முதல் பத்து எழுத்தை வெட்டினால் நேற்றைய தேதி கிடைக்கும். காலை 10 மணிக்குச் சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும் என்பதால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

நம் அளவீடு ஒரு நாளைக்கு உரியது, ஒரு நொடிக்கு உரியது அல்ல. எனவே நாளை 2024-11-30 என்று வருடம் முதலில் வரும் சரமாகவே (ஸ்டிரிங்) சேமியுங்கள். அந்த வடிவத்தில் அகர வரிசையும் கால வரிசையும் ஒன்றே, அதனால் வரிசைப்படுத்துவதும் இடைவெளி கேட்பதும் தடையின்றி நடக்கும். இன்றைய தேதி தேவைப்படும்போது ஜாவாஸ்கிரிப்ட்டின் இன்டில் வசதியில் ஆசியா/கொல்கத்தா நேர மண்டலத்தைக் கொடுத்துக் கேளுங்கள். சர்வர் எந்த நாட்டில் இருந்தாலும் சென்னைத் தேதி வரும். பதிவு எப்போது நுழைந்தது என்பதற்கு மட்டும் தனியாக ஒரு உண்மையான தேதிப் புலம் வையுங்கள்.

அடுத்தது பெயர். புழல், செங்குன்றம், ரெட் ஹில்ஸ் மூன்றும் ஒரே ஏரி. காட்டும் பெயர் எதுவாகவும் இருக்கட்டும், அடையாளத்துக்கு ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு வைத்து யூஆர்எல்லிலும் அதையே பயன்படுத்துங்கள். தமிழ்ப் பெயரைக் கொண்டு தேடும் வசதி வேண்டுமென்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யூனிகோடில் சோழவரத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். டேட்டாபேஸுக்கு அவை வேறு வேறு சரங்கள், தேடினால் கிடைக்காது. உள்ளே வரும் ஒவ்வொரு தமிழ்ச் சரத்தையும் ஜாவாஸ்கிரிப்ட்டின் நார்மலைஸ் ஃபங்ஷனில் ஒருமுறை செலுத்திவிட்டுச் சேமியுங்கள். தேடும் சொல்லுக்கும் அதையே செய்யுங்கள். தமிழில் டேட்டா வைக்கும் எந்த புராஜெக்ட்டுக்கும் இது பொருந்தும்.

எண்கள் எண்களாகவே இருக்கட்டும். சரமாகப் போய்விட்டால் வரிசைப்படுத்தும்போது 881 என்பது 3300ஐவிடப் பெரியதாக நிற்கும். 1,081 என்று காற்புள்ளியோடு வருவதையும், டிஎம்சியில் வருவதையும் உள்ளே விடும் முன்பே மாற்றிவிடுங்கள். ஒரு டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன் கன அடி.

அட்லஸில் இடம் பிடிப்பது

இப்போது அட்லஸைத் திறக்கலாம். கணக்குத் தொடங்கி எம்0 என்ற இலவச கிளஸ்டரை (டேட்டாபேஸ் ஓடும் சர்வர் தொகுப்பை) தேர்ந்தெடுங்கள். அதற்குக் கிரெடிட் கார்டு தேவையில்லை. அமேசான் கிளவுடில் மும்பை ரீஜனைத் தேர்ந்தெடுங்கள். எதையும் பார்க்காமல் அடுத்து, அடுத்து என்று போனால் கடல் தாண்டி ஏதோ ஒரு ரீஜனில் போய் உட்கார்ந்துவிடும், ஒவ்வொரு கேள்வியும் அங்கே போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

பிறகு டேட்டாபேஸ் யூசர். பலரும் குழம்பும் இடம் இது. அட்லஸ் பக்கத்தில் நுழைய நீங்கள் பயன்படுத்தும் இமெயிலும் பாஸ்வேர்டும் வேறு, உங்கள் கோட் டேட்டாபேஸில் நுழையும் யூசரும் பாஸ்வேர்டும் வேறு. இரண்டாவதைத் தனியாக உருவாக்க வேண்டும். அதற்கு நிர்வாகி அதிகாரம் தராதீர்கள். இந்த ஒரு டேட்டாபேஸில் படிக்கவும் எழுதவும் மட்டும் உரிமை போதும். இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போடவும் அதுவே போதுமானது.

மூன்றாவது, ஐபி பட்டியல். இதில் இல்லாத முகவரியிலிருந்து வரும் எந்த இணைப்பையும் அட்லஸ் ஏற்காது. இன்றைய ஐபியைச் சேர்த்துவிட்டு நாளை உட்கார்ந்தால் இணைப்பு கிடைக்காமல் போகலாம், ஏனென்றால் பெரும்பாலான வீட்டு பிராட்பேண்டில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும். வேளச்சேரி பிஜி அறையின் வைஃபையிலிருந்து மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்குத் தாவினாலும் ஐபி வேறு. இதற்காக 0.0.0.0/0 போட்டு உலகம் முழுவதற்கும் திறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பட்டியலில் சேர்க்கும்போதே ஆறு மணி நேரம், ஒரு நாள், ஒரு வாரம் என்று காலக்கெடு வைக்கும் வசதி இருக்கிறது. உட்காரும்போது ஒருமுறை சேர்த்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தபின் அதுவே போய்விடும்.

முதல் இணைப்பு

நோட் ஜேஎஸ்ஸின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுள்ள) பதிப்பை நிறுவி, ஒரு ஃபோல்டரில் என்பிஎம் இனிட் ஓட்டுங்கள். எக்ஸ்பிரஸ், மாங்கோடிபி என்ற இரண்டு பேக்கேஜ் போதும். டாக்குமென்ட்டுக்கு ஸ்கீமா வகுத்துத் தரும் மாங்கூஸ் பேக்கேஜ் வேண்டாமா என்று கேட்பார்கள். முதல் புராஜெக்ட்டில் வேண்டாம் என்பது என் கருத்து. நேரடி டிரைவரில் (அந்த மாங்கோடிபி பேக்கேஜில்) எழுதினால்தான் டேட்டாபேஸுக்கு உண்மையில் என்ன போகிறது என்று தெரியும். ரகசியங்களுக்கு டாட் என்வ் ஃபைல். நோட் 20.6 முதல் அதைப் படிக்கும் வசதி உள்ளேயே இருப்பதால் அதற்குத் தனிப் பேக்கேஜ் தேவையில்லை. கிட் தொடங்கும் முன்பே அந்த ஃபைலின் பெயரை கிட் இக்னோரில் எழுதிவிடுங்கள். தவறிப்போய் கிட்ஹப்பில் ஏறிவிட்டால் ஃபைலை அழிப்பது மட்டும் போதாது, பழைய கமிட்டில் அது அப்படியே கிடக்கும். பாஸ்வேர்டையே மாற்ற வேண்டும்.

அட்லஸ் தரும் கனெக்‌ஷன் ஸ்டிரிங்கை அந்த ஃபைலில் ஒட்டி, பாஸ்வேர்டு இடத்தில் டேட்டாபேஸ் யூசரின் பாஸ்வேர்டைப் போடுங்கள். அதில் @ போன்ற குறி இருந்தால் அப்படியே எழுதக் கூடாது, %40 என்று மாற்றி எழுத வேண்டும். எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள நீளமான பாஸ்வேர்டை வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது.

இப்போது எக்ஸ்பிரஸைத் தொடாமல், இணைத்து ஒரு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னக் கட்டளை) அனுப்பி, பதில் வந்ததும் மூடும் சின்ன ஃபைல் ஒன்றை மட்டும் எழுதி ஓட்டுங்கள். அது வெற்றி பெறும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். ரூட் (ஏபிஐயின் ஒவ்வொரு யூஆர்எல்லுக்கும் பதில் சொல்லும் கோட்) எல்லாம் எழுதிவிட்டு முதல் முறையாக இணைத்துப் பார்த்தால், பிழை எங்கே என்று பத்து இடத்தில் தேட வேண்டியிருக்கும்.

பிங் தோற்றால் பிழைச் செய்தியை வார்த்தை விடாமல் படியுங்கள். பேட் ஆத் என்று வந்தால் நெட்வொர்க் சரி, பாஸ்வேர்டு தவறு. அட்லஸ் கணக்கின் பாஸ்வேர்டைப் போட்டிருக்கலாம். முப்பது நொடி சும்மா நின்றுவிட்டு சர்வர் செலெக்‌ஷன் டைம் அவுட் வந்தால் ஐபி பட்டியலைப் பாருங்கள். டிஎல்எஸ் பிழை, அலர்ட் எண் 80 என்று ஏதோ சான்றிதழ் சிக்கல்போல வந்தாலும் பெரும்பாலும் அதே ஐபி பட்டியல்தான், சான்றிதழைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். ஐபியும் சரியென்றால், நீங்கள் இருக்கும் கல்லூரி அல்லது ஆபீஸ் நெட்வொர்க் 27017 என்ற போர்ட்டை அடைத்திருக்கலாம். மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி, அந்த ஐபியையும் சேர்த்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். குவெரி எஸ்ஆர்வி என்ற சொல் பிழையில் இருந்தால் சர்வரின் பெயரைக் கொண்டு முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸில் பிரச்சினை. லேப்டாப்பின் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். டெவலப்மென்ட்டில் சர்வர் செலெக்‌ஷன் டைம் அவுட்டை ஐந்து நொடியாகக் குறைத்துக்கொண்டால் ஒவ்வொரு முயற்சிக்கும் அரை நிமிடம் காத்திருக்க வேண்டாம்.

இணைப்பு கிடைத்ததும் ஒரு விதி: மாங்கோ கிளையன்ட் ஆப் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதிதாக இணைத்து மூடும் கோட் நிறைய உலவுகிறது. கிளையன்ட் தனக்குள்ளேயே பல இணைப்புகளைத் தயாராக வைத்திருக்கும். அதைத் தினமும் கட்டி இடிக்க வேண்டியதில்லை. எம்0 கிளஸ்டரில் மொத்த இணைப்புகளுக்கு 500 என்ற எல்லையும் உண்டு.

இன்டெக்ஸ், பிறகு ரூட்கள்

அளவீடுகள் கலெக்‌ஷனில் குறியீடு, தேதி இரண்டையும் சேர்த்து ஒரே இன்டெக்ஸ், யூனிக் என்று. ஒரே ஏரிக்கு ஒரே நாளில் இரண்டு பதிவு நுழையாமல் அது தடுக்கும், தாளில் எழுதிய கேள்விகளுக்கும் அதுவே வழிகாட்டும். கேள்வி எப்படித் தேடப்படுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் ஓட்டினால் ஐஎக்ஸ் ஸ்கேன் என்று வர வேண்டும். கோல் ஸ்கேன் என்று வந்தால் இன்டெக்ஸைத் தொடாமல் மொத்தத்தையும் தேடுகிறது என்று அர்த்தம்.

பதிவு செய்ய, எச்டிடிபி முறைகளில் போஸ்ட்டைவிட புட் எனக்குப் பிடித்தது. ஏரியும் தேதியும் யூஆர்எல்லிலேயே இருப்பதால் அதே பதிவைத் திரும்ப அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான். காலையில் வந்த எண்ணை மாலையில் திருத்த வேண்டியிருந்தால் அதே கதவு வழியாகவே வரலாம். உள்ளே அப்செர்ட்டுடன் (பதிவு இருந்தால் திருத்து, இல்லையென்றால் சேர்) ஓர் அப்டேட். புதிதாக நுழைந்தால் 201, இருந்ததைத் திருத்தினால் 200 அனுப்புங்கள். டிரைவர் தரும் அப்செர்ட்டட் கவுண்ட்டைப் பார்த்தால் எது என்று தெரியும்.

சேமிக்கும் முன் சரிபார்ப்பு. குறியீடு ஐந்தில் ஒன்றா, தேதி சரியான வடிவமா, இருப்பு எண்தானா, எதிர்மறையாக இல்லையா. முழுக் கொள்ளளவைத் தாண்டினால்? நிராகரிப்பதா, குறித்துக்கொண்டு ஏற்பதா என்பது உங்கள் முடிவு. நான் 400 (ரிக்வெஸ்ட் தவறு) அனுப்பிக் காரணத்தையும் சொல்வேன், ஏனென்றால் பெரும்பாலும் அது அலகு மாறியதாலோ ஒரு இலக்கம் கூடியதாலோதான் இருக்கும்.

சரம் வர வேண்டிய இடத்தில் சரம்தான் வந்திருக்கிறதா என்று வகையையும் பாருங்கள். ஜேசான் பாடியில் சரத்துக்குப் பதில் டாலர் குறியோடு ஒரு ஆப்ஜெக்ட் அனுப்பினால், அதை மாங்கோடிபி ஆபரேட்டராக எடுத்துக்கொள்ளும். எதற்கும் சமமில்லாதது என்று கேட்டு எல்லா டாக்குமென்ட்டையும் இழுத்துவிடலாம். எக்ஸ்பிரஸ் 4 குவெரி சரத்தையும் இப்படி ஆப்ஜெக்ட்டாக்கும். எக்ஸ்பிரஸ் 5 இயல்பாக அப்படிச் செய்யாது. புதிய புராஜெக்ட்டுக்கு 5 போதுமானது. அசிங்க் ஃபங்ஷனில் எழும் பிழையையும் அது தானே பிடித்துப் பிழை ஹேண்ட்லருக்கு அனுப்பும். அந்த ஹேண்ட்லர் முழு விவரத்தை லாகில் எழுதட்டும், வெளியே 500 என்ற எண்ணும் ஒரு வரியும் போதும்.

படிக்கும் ரூட்கள் எளிது. இன்றைய நிலைக்கு ஐந்து ஏரிக்கும் தேதி இறங்கு வரிசையில் ஒரே ஒரு டாக்குமென்ட் கேட்டு, ஐந்து பதிலுக்கும் சேர்ந்து காத்திருக்கும் பிராமிஸ் ஆலில் சேர்த்துவிடுங்கள். அக்ரிகேஷனில் ஒரே கேள்வியாகவும் செய்யலாம், ஆனால் ஐந்து ஏரிக்கு அது தேவையில்லை. பதிலில் தேதியைக் கட்டாயம் அனுப்புங்கள். ஓர் ஏரியின் இன்றைய பதிவு இன்னும் வராமல் நேற்றையது போயிருக்கலாம், வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டும். இடைவெளி கேட்கும் ரூட்டில் 366 நாளுக்கு மேல் தராதீர்கள். இல்லாத ஏரி என்றால் 404. ஏரி இருந்து அந்த நாட்களில் பதிவு இல்லையென்றால் 200, காலி அர்ரே.

எழுதும் ரூட்டுக்கு மட்டும் ஒரு ரகசியச் சாவியை ஹெடரில் கேளுங்கள். படிப்பது எல்லோருக்கும், பதிவது உங்களுக்கு மட்டும்.

வெளியே வைப்பதும் நகல் எடுப்பதும்

ஹோஸ்டிங் எதுவானாலும் போர்ட் எண்ணை என்விரான்மென்ட்டிலிருந்து எடுங்கள், கனெக்‌ஷன் ஸ்டிரிங்கை அவர்களுடைய அமைப்புப் பக்கத்தில் கொடுங்கள். ஏபிஐயும் டேட்டாபேஸும் ஒரே ரீஜனில் இருப்பது நல்லது. ஏபிஐ சிங்கப்பூரிலும் டேட்டாபேஸ் மும்பையிலும் இருந்தால், ஒரு ரிக்வெஸ்ட்டுக்குள் நான்கு முறை டேட்டாபேஸைக் கேட்கும்போது அந்தத் தூரம் நான்கு முறை கூடும். வெளியே போகும் ஐபி நிலையாக இருக்கும் ஹோஸ்டிங் கிடைத்தால் அதை மட்டும் அட்லஸ் பட்டியலில் சேருங்கள்.

எம்0 கிளஸ்டரில் தானியங்கி பேக்கப் கிடையாது. டேட்டாபேஸை நகல் எடுக்கும் மாங்கோடம்ப் கட்டளையை வாரம் ஒருமுறை உங்கள் லேப்டாப்பில் ஓட்டி, வரும் ஃபோல்டரைத் தேதியோடு எடுத்துவையுங்கள். முதல் வாரமே, லேப்டாப்பில் மாங்கோடிபியை நிறுவி, மாங்கோரிஸ்டோர் வைத்து அந்த நகலை அங்கே ஏற்றி, இரண்டிலும் டாக்குமென்ட் எண்ணிக்கை ஒன்றுதானா என்று பாருங்கள். ஏபிஐயின் கனெக்‌ஷன் ஸ்டிரிங்கை லேப்டாப் டேட்டாபேஸுக்கு மாற்றி, புழலின் கடந்த மாத ரூட்டை ஒருமுறை கூப்பிட்டுப் பதிலையும் ஒப்பிட்டுவிடுங்கள்.